வெல்பவர் யார்?

நாளை நடக்கவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு கூடப் பிறந்தது. மழை வருமா என்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறான் கமக்காரன். பல்லி சொல்லுக்குக் காது கொடுக்கிறாள் பாட்டி. எந்த வினா வரும் என்று பழைய வினாத்தாள்களைப் புரட்டுகிறான் மாணவன். இங்கிலாந்து தேசத்திலோ இவ்வேட்கை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உதைபந்து ஒன்றைச் சுற்றிச் சுழன்று வருகின்றது. வெள்ளிக்கிழமை மாலையாயிற்று என்றால், தொழிற்சாலையிலும் கந்தோரிலும் தேநீர்க் கடையிலும் எழும் வினா ஒன்றே: நாளை வெல்பவர் யார்?

இவ்வினா இப்போது நமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ தொலைக்காட்சியில் கிடைக்கின்றது. ஆர்சனலா லிவர்பூலா என்று அண்ணனும் தம்பியும் வாதிடாத வீடு குறைவு. அவர்கள் வாதிடட்டும், அதில் தவறில்லை. ஆனால் இவ்வாறு எதிர்வுகூறுதல் ஒரு கலையா, கணிதமா, அன்றி வெறுஞ் சூதா என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சற்று ஆராய்ந்து அறிந்துகொள்ளுதல் நன்று.

பத்து ஆட்டங்கள்

1888ஆம் ஆண்டிலே பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடி இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக்கைத் தொடங்கின. முதற் பருவத்தில் பிறெஸ்ரன் நோர்த் எண்ட் என்னும் கழகம் தான் ஆடிய 22 ஆட்டங்களில் 18இல் வென்று, நான்கினைச் சமநிலையில் முடித்து, ஒன்றிலேனும் தோற்காமல் முதலிடம் பெற்றது. அப்பருவத்தில் சோதிடம் கூறுபவனுக்கு வேலை எளிதாகவே இருந்திருக்கும். ஆனால் அத்தகைய பருவங்கள் அரியவை.

1992இல் முதற் பிரிவுக் கழகங்கள் தனித்துச் சென்று பிரீமியர் லீக்கை அமைத்தன. 1995 முதல் அதில் இருபது கழகங்கள். ஒவ்வொன்றும் ஏனைய பத்தொன்பதோடும் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரியின் மைதானத்தில் ஒரு முறையும் ஆடும். ஆகவே பருவம் ஒன்றிற்கு 380 ஆட்டங்கள். வழமையான வார இறுதியொன்றிலே பத்து ஆட்டங்கள் நிகழும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் மூன்று முடிபுகளே உண்டு: சொந்த மைதானத்தார் வெல்வர், வந்தவர் வெல்வர், அல்லது சமநிலை.

மூன்றே முடிபுகள்தாமே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. மூன்றைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்; 59,049 வரும். கண்ணை மூடிக்கொண்டு பத்து ஆட்டங்களையும் சரியாகக் கூற முனைபவனுக்கு 59,049 வழிகளில் ஒரு வழியே வெற்றி வழி.

கூப்பன் பிறந்த கதை

இந்தப் பெருந்தொகையைக் கண்டு அஞ்சாமல், அதனையே மூலதனமாக்கியவர் ஜோன் மூர்ஸ் என்னும் இளைஞர். தந்தி நிறுவனமொன்றில் ஊழியராயிருந்த அவர், 1923இல் நண்பர் இருவருடன் சேர்ந்து, ஆட்டங்களின் பட்டியல் அச்சிட்ட கூப்பன்கள் 4,000ஐ மன்செஸ்ரர் நகரின் ஓல்ட் றபோட் மைதானத்து வாயிலில் விநியோகித்தார். நிரப்பப்பட்டு மீண்டவை 35 மாத்திரமே. நட்டம் தொடரவே நண்பர்கள் விலகிக்கொண்டனர், மூர்ஸ் விலகவில்லை. லிவர்பூலைத் தலைமையிடமாகக் கொண்டு ‘லிற்றில்வூட்ஸ்’ என்னும் அவரது நிறுவனம் வளர்ந்து, அவரைப் பெருஞ் செல்வராக்கியது.

பலர் சிறு தொகை கட்டுவர். அனைத்தும் ஒரு நிதியாகத் திரளும். நிறுவனத்தின் பங்கும் அரசின் வரியும் போக, எஞ்சியது சரியாகக் கூறியவர்க்குச் சேரும். இதுவே ‘பூல்ஸ்’ எனப்பட்ட அம்முறையின் சாரம். சனிக்கிழமை மாலை ஐந்து மணியளவில் குடும்பமே வானொலியைச் சூழ்ந்து அமரும். தந்தையின் கையிலே கூப்பன், காதிலே பென்சில். 1974 முதல் 2013 வரை பி. பி. சி. வானொலியில் முடிபுகளை வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் கோர்டன், இரண்டாவது கழகத்தின் பெயரைச் சொல்லும் தொனியிலேயே அது வென்றதா தோற்றதா என்பதை உணர்த்திவிடுவார். எண் வருமுன்னே முடிபை உரைத்துவிடுவர் கேட்போர். அவர்கள் செய்த எதிர்வுகூறல்களில் பிழைக்காதது அநேகமாக இது ஒன்றே!

தன் ஆட்டங்களை வைத்துப் பிறர் பணம் சேர்ப்பதை லீக் விரும்பவில்லை. 1936இன் தொடக்கத்திலே, கூப்பன் அச்சிட இடங்கொடாது, எக்கழகம் எக்கழகத்தோடு ஆடும் என்பதையே கடைசி நேரம்வரை மறைத்துவைத்தது. கூப்பன்காரர் ஒழியவில்லை, எங்கே என்ன ஆட்டமென்று தெரியாத பார்வையாளரே குறைந்தனர். சில வாரங்களுள் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 1959இல், ஆட்டப் பட்டியல் தனது பதிப்புரிமை என்று நீதிமன்றில் நிலைநாட்டி, லீக் பணம் பெற்றுக்கொண்டது.

1963இன் கடுங்குளிர் இவ்வரலாற்றில் விநோதமானதோர் அத்தியாயம். மைதானங்கள் பனியால் உறைந்து, வாரம் வாரமாக ஆட்டங்கள் நின்றுபோயின. ஆட்டமில்லையேல் கூப்பனில்லை, கூப்பனில்லையேல் வருமானமில்லை. ஆகவே ஜனவரி 26இல் பிரபு பிரபாசோன் தலைமையில், ரொம் பின்னி, ரொமி லோற்றன், ரெட் டிறேக், ஜோர்ஜ் யங் ஆகிய புகழ்பெற்ற பழைய வீரர்களும், மத்தியஸ்தர் ஆதர் எல்லிசும் இலண்டனிலே கூடி, நடவாத ஆட்டங்கள் நடந்திருந்தால் என்ன முடிபாயிருக்கும் என்று தீர்ப்புக் கூறினர். பந்து உருளாமலே வெற்றி தோல்வி பிறந்தது! நடவாத ஆட்டத்தைக் குறித்த தீர்ப்பைப் பிழையென்று நிரூபிக்க எவராலும் இயலாது. நடக்கும் ஆட்டத்தைக் கூறுவோர்க்கு அந்த வசதி இல்லை.

அறுபத்தாறு கோல்கள்

அதே 1963ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். டிசெம்பர் 26ஆம் நாள் முதற் பிரிவிலே பத்து ஆட்டங்கள் நடைபெற்றன. புல்ஹாம் 10–1 என்ற கணக்கில் இப்ஸ்விச்சை நொறுக்கியது. இப்ஸ்விச் சாமானியக் கழகமன்று. 1962இல் லீக்கின் முதலிடம் பெற்றிருந்த கழகம். பிளாக்பேண், வெஸ்ற் ஹாமின் மைதானத்துக்கே சென்று 8–2 என்று வென்றது. பேண்லி 6–1 என மன்செஸ்ரர் யுனைற்றட்டையும், லிவர்பூல் 6–1 என ஸ்ரோக்கையும் வீழ்த்தின. அன்றைய பத்து ஆட்டங்களிலும் விழுந்த கோல்கள் 66.

இரண்டு நாள் கழிந்தது. டிசெம்பர் 28, சனிக்கிழமை. அக்கழகங்களுட் பெரும்பாலானவை இடம் மாறி மீண்டும் சந்தித்தன. புல்ஹாமின் பத்துக் கோல்களை வாசித்திருந்த ஒருவரை, இனி வெல்பவர் யார் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நடந்ததோ இது: இப்ஸ்விச் 4–2 என்று புல்ஹாமை வென்றது. வெஸ்ற் ஹாம், பிளாக்பேண் நகருக்கே சென்று 3–1 என்று வென்று வந்தது. மன்செஸ்ரர் யுனைற்றட் 5–1 என்று பேண்லியைத் தோற்கடித்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துள் வலியவர் மெலியவராகவும் மெலியவர் வலியவராகவும் மாறிவிடுவரோ? மாறவில்லை. முதல் நாளின் பெரிய எண்கள் கழகங்களின் உண்மையான பலத்தை மிகைப்படுத்திக் காட்டின, அவ்வளவே. கடைசியாகக் கண்ட ஒன்றையே முழு உண்மையென்று கொள்ளுவது மனித மனத்தின் இயல்பு. எதிர்வுகூறுவோன் முதலில் வெல்லவேண்டிய எதிரி அவ்வியல்பே.

இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 2020 ஒக்டோபர் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முந்திய பருவத்தில் ஒரேயொரு புள்ளியால் தரமிறக்கத்திலிருந்து தப்பிய அஸ்ரன் வில்லா, அதே பருவத்தின் முதல்வரான லிவர்பூலை 7–2 என்று தோற்கடித்தது. அன்றே மன்செஸ்ரர் யுனைற்றட் தன் சொந்த மைதானத்தில் ரொட்டன்ஹாமிடம் 6–1 என்று தோற்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம்மவர் மொழி. அன்று ஒரே நாளில் இரண்டு யானைகளுக்குச் சறுக்கியது.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது?

கிரிக்கெற்றில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. ஒரு பிடி தவறினாலும், ஒரு தீர்ப்புப் பிழைத்தாலும், நாள் முழுவதும் ஆடும்போது திறமை மேலெழுந்துவிடும். உதைபந்தாட்டத்திலோ ஓர் ஆட்டத்துக்கு இரு சாராரும் சேர்ந்து பெறுவது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கோல்களே. பிரீமியர் லீக்கில் மிக அதிக கோல்கள் கண்ட பருவமான 2023–24இலும் 380 ஆட்டங்களில் 1,246, சராசரி 3.28 மாத்திரம். இத்துணைச் சிறிய எண்ணில், கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தோ, மத்தியஸ்தர் வழங்கிய ஒரு தண்ட உதையோ விதியையே மாற்றிவிடும்.

இதனை எண்ணால் அளக்க முயன்றவர்களில் முன்னோடி சார்ள்ஸ் றீப் என்னும் விமானப்படை அதிகாரி. கணக்காளராகிய அவர் 1950 மார்ச்சில் சுவிண்டன் மைதானத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். அவ்வழக்கத்தைப் பல ஆண்டுகள் விடாது தொடர்ந்தார். 1968இல் புள்ளிவிபரவியலாளர் பேர்ணாட் பெஞ்சமினுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இவ்வாட்டத்தில் திறமையோடு தற்செயலின் பங்கும் மிகப் பெரிது என்று காட்டினார். 1997இல் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தினரான மார்க் டிக்சனும் ஸ்ருவேட் கோல்சும் அமைத்த கணித முறையே இன்றைய பல எதிர்வுகூறல்களுக்கு அடிப்படை.

அம்முறையின் வேர் நமது உயர்தர வகுப்பு மாணவர் அறிந்ததே. புவாசோன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் பரம்பல் அது. அரிதாகவும் தற்செயலாகவும் நிகழ்பவை எத்தனை முறை நிகழும் என்பதை அது கூறும். சொந்த மைதானத்தில் ஆடும் கழகம் சராசரியாக 1.5 கோலும், எதிர்க் கழகம் 1.2 கோலும் பெறக்கூடியவை எனக் கொள்வோம். கணக்கிட்டால், முன்னது வெல்வதற்கு நூற்றுக்கு 44, பின்னது வெல்வதற்கு 30, சமநிலைக்கு ஏறத்தாழ 26 என்று வரும். மிகவும் கூடிய நிகழ்தகவுடைய கோற்கணக்கு 1–1. அந்த நிகழ்தகவு எவ்வளவு? நூற்றுக்குப் பன்னிரண்டு! மிகச் சிறந்த விடையே நூற்றுக்கு எண்பத்தெட்டு முறை பிழைக்கும். ‘2–1 என்று நான் அப்போதே சொன்னேனே’ என்று மார்தட்டுபவர் சொல்லிப் பிழைத்த ஏனைய ஆட்டங்களை எவரும் எண்ணி வைப்பதில்லை.

சொந்த மண்ணின் பலம்

ஆயினும் அனைத்தும் இருளன்று. சில விளக்குகள் உண்டு. முதலாவது விளக்கு சொந்த மைதானம். நெடுங்காலக் கணக்கில், ஆட்டங்களுட் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றைச் சொந்த மைதானத்தாரே வென்றிருக்கின்றனர், ஏறத்தாழ நாலிலொன்று சமநிலை, எஞ்சியவையே வந்தவருக்கு. இதன் காரணம் பயணக் களைப்பா, பழகிய புற்றரையா, பார்வையாளரின் ஆரவாரமா என்று நெடுங்காலம் வாதிட்டனர். பெருந்தொற்றுக் காலத்திலே அதற்கு எதிர்பாராததொரு பரிசோதனை வாய்த்தது. 2020–21 பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்கள் வெற்று மைதானங்களில் நடந்தன. சொந்த மைதானத்து வெற்றிகள் 144, வந்தவர் வெற்றிகள் 153, சமநிலை 83. வந்தவர் கை ஓங்கிய பருவம் அதற்குமுன் முதற்தரப் பிரிவிலே இருந்ததில்லை. ஆரவாரம் செய்யும் கூட்டத்துக்கும் ஆட்டத்தில் ஒரு பங்கு உண்டென்பது புலனாயிற்று.

ஏனைய விளக்குகள் எளியவை. ஒரு கழகத்தின் கடைசி ஆட்டத்தை மாத்திரம் பாராமல் பல ஆட்டங்களைப் பார்த்தல். பெற்ற கோல்களோடு, பெறக்கூடியதாயிருந்த வாய்ப்புகளையும் எண்ணுதல். காயமடைந்தவர் யார், வார நடுவில் ஐரோப்பியப் போட்டியில் ஆடிக் களைத்தவர் யார் என்று அறிதல். இவை யாவும் அறிந்தவர்க்குப் பத்தில் எத்தனை சரியாகும்? நெடுங்காலச் சராசரியில் ஐந்தைச் சற்றே கடக்கும். அதற்கு மேல் வாக்குறுதி தருபவர் நம்பத்தக்கவரல்லர்.

சமநிலை என்னும் புதிர்

சிந்திக்க விரும்பும் மாணவர்க்கு ஒரு நல்ல புதிர் இங்கே இருக்கின்றது. தனித்தனியே எடுத்தால், சமநிலையே மிகக் கூடிய நிகழ்தகவுடையது என்று கூறத்தக்க ஆட்டம் மிக அரிது. ஆகவே விவரமறிந்தவர் எதற்கும் சமநிலை என்று எழுதார். ஆனால் வார இறுதியில் எண்ணினால், பத்தில் இரண்டோ மூன்றோ சமநிலையில் முடிந்திருக்கும்! நிகழும் என்பது நிச்சயம். எதில் நிகழும் என்பது தெரியாது. பூல்ஸ் நிறுவனத்தார் இதனை நன்கறிந்திருந்தனர். 1946இல் அவர்கள் புகுத்திய ‘றிபிள் சான்ஸ்’ என்னும் போட்டி, சமநிலையில் முடியும் எட்டு ஆட்டங்களைத் தெரிந்தெடுக்கச் சொல்லியது. மிகக் கடினமானதையே கேட்டனர். ஆகவே பரிசும் மிகப் பெரிதாயிற்று.

அப்பரிசு சிலரைத் தேடி வந்தது உண்மை. 1961இல் காசில்போட் என்னும் சுரங்க நகரில் வாழ்ந்த கீத், விவ் நிக்கல்சன் தம்பதியர் 152,319 பவுண் வென்றனர். இனி என்ன செய்வீர் என்று கேட்ட பத்திரிகையாளரிடம், செலவழிப்பேன், செலவழிப்பேன், செலவழிப்பேன் என்றார் அப்பெண்மணி. அவ்வாறே செய்தார். 1965இல் கணவர் மோட்டார் விபத்தில் மாண்டார், செல்வம் கரைந்தது, மனைவி கடனாளியானார். ஆனால் இதனினும் பெரிய சோகம் ஒன்றுண்டு. வாரந்தோறும் சில்லறையைக் கட்டி, எதுவும் வெல்லாமல், செய்தித்தாளில் ஒருபோதும் பெயர் வராமல் மறைந்த இலட்சக்கணக்கான குடும்பங்களின் கதை அது.

எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு

அக்காலத்துக் கூப்பனை நிரப்பி அனுப்பச் சற்றுப் பொழுதாவது வேண்டியிருந்தது. இன்று பந்தயக்காரன் கைத்தொலைபேசிக்குள்ளேயே குடியிருக்கின்றான். பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணிலும் படுகின்றான். வீரர்களின் மேற்சட்டையின் முன்புறத்திலே சூதாட்ட நிறுவனங்களின் பெயர்கள் பெரிதாக விளங்கியமையால் எழுந்த கண்டனத்தின் விளைவாக, 2025–26 பருவத்தின் முடிவோடு அவற்றை அவ்விடத்திலிருந்து நீக்குவதென 2023இல் பிரீமியர் லீக் கழகங்கள் உடன்பட்டன. தீங்கு உண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பந்தயக்காரனின் இலாபம் அதிர்ஷ்டத்தால் வருவதன்று, கூட்டலால் வருவது. ஓர் ஆட்டத்தின் மூன்று முடிபுகளுக்கும் உண்மையான நிகழ்தகவு 50, 25, 25 எனக் கொள்வோம். நீதியாகக் கொடுப்பதாயின் ஒரு ரூபாவுக்கு முறையே 2, 4, 4 ரூபா கொடுக்க வேண்டும். அவன் கொடுப்பதோ 1.90, 3.75, 3.75. அவற்றை மீண்டும் நிகழ்தகவாக மாற்றிக் கூட்டினால் 100க்குப் பதிலாக 106 வரும். அந்த மேலதிக ஆறிலேதான் அவன் மாளிகை கட்டுகின்றான்.

‘உறுதியான ஐந்து ஆட்டங்களை ஒன்றாகக் கோத்துவிட்டேன், தோற்கவே மாட்டேன்’ என்பான் இளைஞன். ஒவ்வொன்றிலும் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எழுபதாயிருப்பினும், ஐந்தும் சரியாவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினேழு மாத்திரமே. பெருக்கல் வாய்பாடு அறிந்த எவரும் சரிபார்க்கலாம். நளனும் தருமனும் அறிவிலிகள் அல்லர். அடுத்த முறை வெல்வேன் என்ற நினைவே அவர்களைக் காட்டுக்கு அனுப்பியது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியதும் காரணமின்றியன்று.

‘2015–16இல் லெஸ்ரர் சிற்றி வென்றதே!’ என்று எதிர்வாதம் எழலாம். ஆம், பருவத் தொடக்கத்தில் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயக்காரர் மதிப்பிட்ட அக்கழகம், முந்திய பருவத்தில் பதினான்காம் இடத்திலிருந்த அக்கழகம், 81 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. அதனால் நாம் அறிவது, அரியது நிகழக்கூடும் என்பதையே. நாம் விரும்பும் அரியது நாம் பணம் கட்டிய வாரத்தில் நிகழும் என்பதை அதனால் அறிய முடியாது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

ஆதலால், எதிர்வுகூறுதலையே கைவிடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசின்றிச் செய்தால் இதனினும் சுவையான கணிதப் பயிற்சி கிடைப்பது அரிது. ஒரு பயிற்சிக் கொப்பியை எடுங்கள். ஆட்டம் தொடங்குமுன், பத்து ஆட்டங்களுக்கும் மும்மூன்று எண்களை எழுதுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் மூன்று எண்களும் சேர்ந்து நூறாக வேண்டும். ‘ஆர்சனல் வெல்லும்’ என்று எழுதாமல், ‘வெற்றி 60, சமநிலை 23, தோல்வி 17’ என்று எழுதுங்கள். எழுதிய பின் அழித்தல் கூடாது. ஒரு பருவம் முடிந்ததும், எழுபது என்று எழுதிய ஆட்டங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து எண்ணுங்கள். பத்தில் ஏழு அவ்வாறே முடிந்திருந்தால் உங்கள் மதிப்பீடு செவ்விது. பத்தில் ஐந்தே முடிந்திருந்தால் உங்களிடம் தன்னம்பிக்கை மிகுதி. ஒன்பது முடிந்திருந்தால் துணிவு குறைவு.

தகப்பனும் மகளும், அண்ணனும் தங்கையும் ஒரே கொப்பியில் எழுதிப் போட்டியிடலாம். தமக்கு விருப்பமான கழகத்துக்குத் தாம் எத்தனை எண்களைக் கூட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பதைப் பருவ முடிவிலே காணும்போது சிரிப்பு வரும். மழை வீழ்ச்சியைக் கூறும் வானிலையாளரும், மருந்தின் பயனை மதிப்பிடும் வைத்தியரும், விளைச்சலைக் கணிக்கும் விவசாய அதிகாரியும் தம் தொழிலில் செய்வது இதையே: ‘நிச்சயம்’ என்று கூறாமல், ‘எவ்வளவு’ என்று கூறுதல். அப்பழக்கம் கைவந்த பிள்ளையிடம், உறுதியான வெற்றி என்று விளம்பரம் செய்பவன் எவனும் எளிதிற் காசு பறிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் கொப்பியின் முதற் பக்கத்தில் கோடு போடுங்கள். பந்து உருளட்டும், விடையை அது சொல்லும்.